கிளவுடில் இருக்கிறது, சரி. வேறு எங்கே இருக்கிறது?

அக்கா மகளின் கல்யாணப் போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வைக்கச் சொன்னேன். "எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்குடா, அது எதுக்கு?" என்றாள் அக்கா. இதே பதிலைப் பெரிய அலுவலகங்களிலும் கேட்கிறேன். அங்கே கேட்கும்போது பயமாகவே இருக்கிறது.

தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசின் தரவு மையம் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. 700-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. பலவற்றைப் பிறகு மீட்டார்கள். அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் மட்டும் திரும்பவில்லை. 858 டெராபைட் தரவு, அப்படியே எரிந்துபோனது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லையாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், இதில் வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொன்னதும் அதே அரசுதான். சொன்னபடி கேட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். என்னால் இதை எளிதாகக் கடக்க முடியவில்லை.

கிளவுட் ஆபத்து என்றாலே நமக்கு ஹேக்கர் திருடுவதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் திருட்டுப் போன தரவு நம்மிடமும் இருக்கும். அழிந்த தரவு யாரிடமும் இருக்காது.

இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசின் கிளவுடை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியது. ஆன்லைனில் இருந்த பேக்கப், அதாவது மாற்று நகலும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போயே போயின. பேக்கப் இருந்தது. ஆனால் வீட்டுச் சாவியையும் பீரோ சாவியையும் ஒரே கொத்தில் போட்டு வைத்த கதைதான்.

ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு 6 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுட் பக்கம் நடந்த ஒரு செட்டிங்ஸ் பிழையால் அதன் தனி கிளவுட் ஒன்று அப்படியே அழிந்தது. இரண்டு இடங்களில் பிரித்து வைத்திருந்தும் அது தப்பவில்லை. மீள உதவியவற்றில் ஒன்று, வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருந்த பேக்கப். அதை இரட்டைச் செலவு என்று வெட்டாமல் விட்ட அந்த அதிகாரி யாரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

உங்கள் அலுவலகத்தில் நாளைக்கே கேளுங்கள்: இந்தக் கணக்கு முழுசாகப் போனால், இதே பாஸ்வேர்டால் திறக்க முடியாத நகல் எங்கே இருக்கிறது? அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கோடு அக்கா வீட்டுக்கு நானே போகிறேன். கல்யாணப் போட்டோ அப்புறம். அப்பா கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அந்த ஒரே அக்கவுண்ட்டில்தான் இருக்கின்றன.