ராஜா கும்பிட்டால் மட்டும் போதுமா?

பழங்கால எகிப்தின் கடவுள் அமுன் பற்றிப் பேச்செடுத்தாலே, "தீப்ஸ் ஊர்க்காரன் ராஜா ஆனான், ஊர்ச்சாமியும் பெரிய சாமி ஆயிடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி என்பது என் கட்சி.

அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பிரமிடுகளுக்குள் செதுக்கிய பழைய மந்திரங்களில் அமுன் ஏதோ ஓரிடத்தில் தலைகாட்டுவார், அவ்வளவே. கி.மு. 2000-ஐ ஒட்டித் தீப்ஸ் நகரத்து அரசர்கள் நாட்டை ஒன்றாக்கிய பிறகுதான் அவருக்கு நேரம் வந்தது. வடக்கே ஆண்ட ஹிக்ஸோஸ் என்ற அந்நியர்களைப் பிற்பாடு விரட்டியதும் தீப்ஸ்காரர்களே. வெற்றியெல்லாம் அமுன் கணக்கில் ஏறியது. சூரியக் கடவுளோடு சேர்ந்து அமுன்-ரா ஆனார். மூன்றாம் ராமேசஸ் இறந்ததும் எழுதிய பாப்பிரஸ் சுருள் 40 மீட்டருக்கு மேல் நீளம். அதில் தீப்ஸ் அமுனுக்கு 86,486 ஆட்கள், 4,21,362 கால்நடைகள், 433 தோட்டங்கள், 83 கப்பல்கள் என்று கணக்கு இருக்கிறது. எழுதிய கணக்குப்பிள்ளைக்குக் கை வலித்திருக்கும்!

சரி, ராஜா ஆதரவே போதுமென்றால் ஆத்தன் என்ற சூரிய வட்டக் கடவுள் ஏன் நிலைக்கவில்லை? அரசர் அகெநாத்தென் ஆத்தனுக்காகப் புது நகரமே கட்டினார். அமுன் பெயரைக் கல்லிலிருந்து கொத்தி எடுக்க ஆள் அனுப்பினார். சொந்த அப்பா அமென்ஹோதெப் பெயருக்குள் இருந்த அமுனைக்கூட விடவில்லை. சுமார் 17 வருட ஆட்சி. அவர் கண்மூடிய சில வருடங்களிலேயே துத்தன்காத்தென் என்ற சிறுவயது அரசன், பெயரில் ஆத்தனை விட்டு அமுனைச் சேர்த்து, துத்தன்காமுன் ஆகிவிட்டான்.

எனக்குப் பதில் கிடைத்தது நெப்ரேயிடம். அரசர்களின் கல்லறைகளுக்குப் படம் வரையும் தொழிலாளி, தேர் எல்-மதீனா ஊர்க்காரர். அமுனின் பசு விஷயத்தில் ஏதோ தப்பு நடந்து, மகன் நக்தமுன் சாகக் கிடந்தான். பிழைத்தால் உன் பெயரில் கல் வைக்கிறேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். பையன் பிழைத்தான். அந்த நேர்த்திக்கடன் கல் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வேறொரு வேண்டுதல் அமுனை ஏழைகளின் அமைச்சர் என்கிறது, லஞ்சம் வாங்காத அமைச்சராம். கோர்ட்டு வாசலில் நின்று அலுத்தவன் எழுதியதாகத்தான் இருக்கும்.

தீப்ஸில் அமுனின் பெரிய கோயிலான கர்னாக்கின் கருவறைக்குள் இந்த மாதிரி ஆட்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் ஓபெத் திருவிழாவில் சாமி படகு வடிவப் பல்லக்கில் வெளியே வருவார். திரை போட்டிருக்கும், முகம் தெரியாது. அமுன் என்றாலே 'மறைந்திருப்பவர்' என்றுதானே பொருள். அப்படிப் புறப்பாடு வரும்போது ஜனங்கள் வழக்குகளைக்கூட அவரிடம் கேட்பார்கள். பல்லக்கு அசைவதை வைத்துத் தீர்ப்பு. இந்த நெருக்கம் ஆத்தனுக்கு வாய்க்கவே இல்லை.

கி.மு. 663-ல் அசீரியர்கள் தீப்ஸைச் சூறையாடினார்கள். அமுன் போய்விடவில்லை. தெற்கே, இன்றைய சூடானில் இருந்த குஷ் நாட்டில், ஜெபல் பர்கல் மலையடியில் பூஜை நடந்துகொண்டுதான் இருந்தது. மேற்கே சீவா பாலைவனச் சோலையில் அவரிடம் குறி கேட்க கி.மு. 331-ல் அலெக்சாண்டரே போனார். அப்புறம் வந்த நாணயங்களில் அலெக்சாண்டர் தலையில் அமுனின் ஆட்டுக்கடாக் கொம்பு முளைத்தது.

அந்தக் கொம்பு மாதிரிச் சுருண்டிருப்பதால்தான் ஒருவகைக் கடல் புதைபடிவத்துக்கு அம்மோனைட் என்று பெயர். கண்டகி ஆற்றில் கிடைத்து, நம் வீட்டுப் பூஜையறைகளில் பெருமாளாக இருக்கும் சாளக்கிராமமும் அதுதான்.