பாதி டப்பா மெழுகு

(பகல் பதினொரு மணி. மாமாவின் கார் வாசலில், நல்ல வெயிலில், வெள்ளையடித்த சுவர் போல நிற்கிறது. அது கறுப்பு நிறக் கார் என்பதற்குச் சாட்சி, பின் சக்கரத்துக்கு மேலே விட்டுப்போன நாலு விரல் இடம் மட்டுமே. நேற்று இரவு வந்து இறங்கிய அக்கா மகன் ரகு, அப்போதுதான் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறான்.)

ரகு: என்ன மாமா, காருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டீர்களா?

மாமா: சுண்ணாம்பு இல்லையடா, மெழுகு. ஒரு மணி நேரமாகத் துடைக்கிறேன், போகமாட்டேன் என்கிறது.

ரகு: எவ்வளவு போட்டீர்கள்?

மாமா: பாதி டப்பா. பளபளப்பு ஒரு வருடமாவது நிற்க வேண்டாமா?

ரகு: பாதி டப்பாவா! பூசியதே தெரியாத மாதிரி ஒரு மெல்லிய படலம் போதும் மாமா. பெயின்டில் பிடித்து நிற்பது அவ்வளவுதான். அதற்கு மேல் போட்டதெல்லாம் துணியோடு வந்துவிடும்.

மாமா: வந்தால்தான் பரவாயில்லையே!

ரகு: பானட்டைத் தொட்டுப் பாருங்கள்.

மாமா: (தொட்டு) ஆ!

ரகு: இவ்வளவு சூட்டில் போட்டால், மெழுகை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் சட்டென்று ஆவியாகிவிடும். மிச்சம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நிழலில் நிறுத்தி, வண்டி ஆறியபிறகு, ஒரு கதவை முடித்துவிட்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும். விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம். ஈஷிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மாமா: இதெல்லாம் டப்பாவில் எழுதியிருக்கிறதா?

ரகு: பின்பக்கம்.

மாமா: பின்பக்கத்தை யாரடா படிக்கிறார்கள்? முன்பக்கம் 'கார்னாபா' என்று போட்டு ஒரு மரம் வரைந்திருந்தது. அழகாக இருந்தது, வாங்கினேன்.

ரகு: அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகை. அங்கே வறட்சி அதிகம். உள்ளிருக்கும் ஈரம் போய்விடாமல் இருக்க, அதன் ஓலையே தன் மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையைக் காயவைத்து, அடித்து உதிர்த்து எடுப்பார்கள். உருகுவதற்கே 80 டிகிரிக்கு மேல் வேண்டும், அவ்வளவு கெட்டி.

மாமா: மரம் வெயிலில் நின்றுகொண்டே பூசிக்கொள்ளலாம், நான் பூசினால் மட்டும் தப்பா?

ரகு: மரத்தை யாரும் துடைக்கப் போவதில்லையே மாமா.

(மாமா துணியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். பதில் இல்லாதபோது அவர் செய்கிற காரியம் அது.)

மாமா: சரி, எவ்வளவு நாள் நிற்கும்?

ரகு: இந்த மெழுகு ஒன்றிரண்டு மாதம். செயற்கைப் பாலிமரில் சீலன்ட் என்று வருகிறது, அது நாலைந்து மாதம் தாங்கும். உங்கள் வண்டி மாதிரி வெயிலிலும் மழையிலும் கிடப்பதற்கு அதுதான் சரி. பூசுவதற்கு முன்னால் கழுவினீர்களா?

மாமா: முந்தாநாள் மழையில் நனைந்ததே.

ரகு: மாமா! தூசியோடு தேய்த்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

மாமா: ஓ, அதனால்தான் இந்தக் கீறலா? அங்கே மட்டும் ரெண்டு கை கூடுதலாக அப்பினேன்.

ரகு: மெழுகு கீறலைக் கொஞ்ச நாள் மறைக்கும், எடுக்காது. எடுப்பது பாலிஷ். அது பெயின்டின் மேல்பூச்சையே துளி தேய்த்துவிடும். அதனால் பாலிஷ் முதலில், மெழுகு அப்புறம். மாற்றிச் செய்தால் போட்ட மெழுகு போய்விடும்.

மாமா: நான் இவ்வளவு நேரம் அது போகத்தானே பாடுபடுகிறேன்! கொண்டு வா அந்தப் பாலிஷை!

ரகு: அதெல்லாம் வேண்டாம். வண்டியை நிழலுக்குத் தள்ளுவோம். ஆறட்டும். அப்புறம் இறுகின இடத்தில் இதே மெழுகைக் கொஞ்சம் தடவினால் பழையது இளகும், உடனே துடைத்துவிடலாம்.

மாமா: அதாவது, மெழுகு போக மெழுகு போட வேண்டும். இதைத்தான் நான் காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன்.

(தள்ளுகிறார்கள். ரகு தள்ளுகிறான், மாமா "இன்னும் கொஞ்சம்" என்கிறார்.)

ரகு: ஐயோ, பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் பூசிவிட்டீர்களே! அந்தச் சொரசொரப்புக்குள் மெழுகு போய் உட்கார்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

மாமா: மீதியையும் வெள்ளையாக்கிவிட்டு டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ரகு: பல் தேய்க்கிற பிரஷ் ஒன்று எடுத்து, சோப்புத் தண்ணீரில் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நான் அதற்குள் பானட்டைப் பார்க்கிறேன்.

(அரை மணி நேரம். பானட்டில் ரகு தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. பம்பர் பக்கமிருந்து உற்சாகக் குரல்.)

மாமா: போகிறதடா! கறுப்பு தெரிகிறது!

ரகு: பார்த்தீர்களா... மாமா, அந்தப் பச்சை பிரஷ் ஏது?

மாமா: குளியலறையில் கிடந்தது. இந்த வீட்டில் யாருடையதும் இல்லை, விசாரித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ரகு: இந்த வீட்டுப் பிரஷ் இல்லைதான். நேற்று இரவு என் பையில் வந்தது. நான் இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை!

மாமா: (பிரஷை உதறி நீட்டி) இந்தா, தேய். ஒன்றிரண்டு மாதம் பளபளப்பு நிற்கும் என்று நீதானே சொன்னாய்.