அமெரிக்க ஷட்டவுனும் நிற்கும் சம்பளமும்

"முடிஞ்சதும் பாக்கியோட சேர்த்துக் குடுத்துடுவாங்களே, அப்புறம் என்ன?" பட்ஜெட் ஒதுக்கீடு நிறைவேறாமல் அமெரிக்க அரசு முடங்கி (ஷட்டவுன்), ஊழியர் சம்பளம் நிற்கும்போதெல்லாம் கேட்கிற சமாதானம் இது. அந்தப் பாக்கிக்கு உறுதி தரும் 2019 சட்டத்தைக் கடைசி வரி வரை படித்தவர்களுக்கு இந்த நிம்மதி வராது.

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள், அல்லது பழைய செலவை நீட்டிக்கும் தற்காலிகத் தீர்மானம் நிறைவேற வேண்டும். 1980 வரை, நிறைவேறாவிட்டாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒதுக்காத பணத்தைச் செலவு செய்யக் கூடாது என்கிற 19-ஆம் நூற்றாண்டுச் சட்டத்துக்கு அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அந்த ஆண்டு கறாராகப் பொருள் சொன்னார். அன்றிலிருந்து ஊழியர்கள் இரண்டு வகை: ஃபர்லோவில், அதாவது சம்பளமில்லாத கட்டாய விடுப்பில், வீட்டுக்குப் போகிறவர்கள், சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தே ஆக வேண்டியவர்கள்.

இரண்டாவது வகையின் பாடுதான் மோசம். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 2025 ஷட்டவுனில் பெரும்பாலானோருக்கு முதலில் வந்தது, செப்டம்பர் 30 வரையிலான நாட்களுக்கு மட்டும். அடுத்த தவணையில் ஒன்றுமே இல்லை. ஃபர்லோவில் இருப்பவர் மாநிலத்திடம் வேலையிழப்பு உதவித்தொகை கேட்கலாம். பாக்கி வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். முழுநேரம் வேலை பார்ப்பவருக்குப் பொதுவாக அதுவும் கிடைக்காது. மருத்துவக் காப்பீடு நிற்காது, ஆனால் ஊழியர் பங்கு கடனாகச் சேர்ந்து பின்னால் பிடித்தமாகும். வீட்டு வாடகையைத்தான் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அரசுக்கு இதில் காசு மிச்சமில்லை: வீட்டில் இருந்தவருக்கும் கடைசியில் முழுச் சம்பளம்தான்.

அந்த உறுதியைத் தந்ததுதான் 2019 சட்டம். ஆனால் "முடக்கத்தை முடிக்கும் ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு" என்று அதில் ஒரு வால் இருக்கிறது. 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தின் வரைவுக் குறிப்பு அந்த வாலைப் பிடித்துக்கொண்டு, ஃபர்லோ ஊழியருக்குப் பாக்கி தானாக வராது என்று வாதிட்டது. முடக்கம் 43 நாள் நீண்டபின், நவம்பர் 12-ல் வந்த சட்டத்தில் பாக்கியைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

இடையில் செனட்டர் ரான் ஜான்சன், வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் தரும் மசோதா கொண்டுவந்தார். ஆதரவு 54, எதிர்ப்பு 45; வேண்டியது 60 என்பதால் தோற்றது. யாருக்குச் சம்பளம் என்பதை அதிபர் கையில் கொடுக்கிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்துத் திருத்திய மசோதாவும் பிறகு தோற்றது. அதைத் தோற்கடித்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

சம்பளத்துக்கு மட்டுமாவது தானாக நீளும் ஒதுக்கீடு வேண்டும் என்பது என் நிலைப்பாடு. புதுமை ஒன்றும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் பட்ஜெட் தாமதமானால் பழைய ஒதுக்கீடே தொடரும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுடைய சம்பளத்துக்கும் நிரந்தர ஒதுக்கீடு உண்டு. ஷட்டவுனில் அது நிற்பதில்லை.

வலி இல்லாவிட்டால் ஷட்டவுன் முடியவே முடியாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2019 ஜனவரி 25-ல் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் போதாமல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 35 நாள் முடக்கம் அன்றே முடிந்தது. ஆனால் சண்டை போடுபவர்களின் சம்பளம் பத்திரமாக இருக்க, கட்டுப்பாட்டாளரின் வாடகைப் பணத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

அரசுக் கட்டிடங்களைப் பெருக்கும், காவல் காக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த 2019 சட்டத்தில் இடமே கிடையாது. அவர்களுக்குப் போன நாள் போனதுதான்.