பொதுநிலையினர் வழங்கும் நற்கருணை செல்லாதா?

கத்தோலிக்கத் திருச்சபையில், “குருவின் கையால் வாங்காத நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் ஏற்கப்படும் அப்பமும் திராட்சை இரசமும்) செல்லாது” என்று பரவும் செய்தி தவறு. அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் அர்ச்சிப்பது (திருப்பலியில் புனிதமாக்குவது) குருவும் ஆயரும் மட்டுமே. அந்த அர்ச்சிப்பால்தான் அது நற்கருணையாகிறது, கொடுக்கும் கையால் அல்ல. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வந்த அறிவுரையே பொதுநிலையினர் (குருப்பட்டம் பெறாத மக்கள்) நற்கருணை வழங்குவதை அனுமதித்தது. 1983 திருச்சபைச் சட்டம், எண் 910, அதை உறுதிசெய்கிறது.

ஆனால் வரம்புகள் உண்டு. பலர் அறியாதது இதுதான்: போதிய குருக்களோ திருத்தொண்டர்களோ (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்கள்) இருக்கும்போது பொதுநிலையினர் வழங்கக் கூடாது. குரு அமர்ந்துகொண்டு அவர்களை அனுப்புவதை 2004 வத்திக்கான் அறிவுரை கடுமையாகக் கண்டிக்கிறது. குரு நற்கருணை உட்கொண்ட பிறகே அவர்கள் பீடத்தை நெருங்கலாம். நற்கருணைப் பாத்திரத்தைத் தாமே எடுக்காமல், குருவின் கையிலிருந்தே பெற வேண்டும். அப்பம் தவறி விழுந்தால் உடனே வணக்கத்துடன் எடுக்க வேண்டும்.