லாராவின் நாயும் அப்பாவின் கடனும்

போன மாதம் ஓர் இரவு, அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சிறுவயது வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல்களில் ஒன்றான 'பை த ஷோர்ஸ் ஆஃப் சில்வர் லேக்'கை மகளுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக்கொண்டிருந்தபோது, ஜாக் என்ற நாய் இறந்துபோகும் இடம் வந்தது. குடும்பம் மேற்கே குடிபெயரப்போகும் தறுவாயில், கிழடாகிவிட்ட ஜாக், வழக்கம்போல மூன்று முறை சுற்றி வந்து தன் விரிப்பில் படுக்கிறது; விடிந்து பார்த்தால் உயிர் இல்லை. கொஞ்ச நாளாக அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று மனம் உறுத்தி, அந்த இரவில்தான் லாரா அதன் படுக்கையைச் சரிசெய்து கொடுத்திருப்பாள். என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா, இது நிஜமாவே நடந்துச்சா?" என்று கேட்டாள்.

நடக்கவில்லை. 1871இல் கான்சஸைவிட்டுக் கிளம்பும்போது லாராவின் அப்பா தன் மட்டக்குதிரைகளை வேறு குதிரைகளுக்கு மாற்றிக்கொண்டார். அந்த மட்டக்குதிரைகளோடு ஜாக்கும் கைமாறிப் போய்விட்டது. அப்போது லாராவுக்கு வயது நான்கு. நாவலில் அந்த நாய் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்கிறது, வண்டிக்குப் பின்னால் ஓடுகிறது, முதுமை அடைகிறது, தன் இடத்தில் படுத்து நிம்மதியாகச் சாகிறது. நான்கு வயதில் சொல்லிக்கொள்ளக்கூட முடியாமல் போன ஒரு பிரிவுக்கு, எழுபது வயதை எட்டிய ஒரு பெண் உட்கார்ந்து முறையான விடை எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகளிடம் "பாதி நிஜம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

லாரா 1930இல் தன் வாழ்க்கையைப் பெரியவர்களுக்கான நினைவுக் குறிப்பாக, 'பயனியர் கேர்ள்' என்ற தலைப்பில் எழுதினார். பதிப்பகங்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்திலேயே பெயர்பெற்ற எழுத்தாளராக இருந்த மகள் ரோஸின் உதவியோடு, அதே வாழ்க்கை குழந்தைகளுக்கான கதையாக உருமாறியது. 1932இல் முதல் நூல் வெளிவந்தபோது லாராவுக்கு 65 வயது. 1943க்குள் எட்டு நூல்கள் வந்துவிட்டன. விற்காமல் போன அந்த நினைவுக் குறிப்போ 2014இல்தான் விரிவான குறிப்புகளோடு அச்சேறியது. அதனால் தைத்து முடித்த சட்டையையும் தையற்காரர் கத்தரித்துப் போட்ட துணித்துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. எந்தத் துண்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதைப் பார்ப்பது, நாவல்களை வாசிப்பதைவிடச் சில சமயம் சுவையாக இருக்கிறது.

சில வெட்டுகள் கைத்திறன் சார்ந்தவை. நாவல்களில் வரும் செருக்குக்காரி நெல்லி ஓல்சன், லாரா வெவ்வேறு ஊர்களில் அறிந்திருந்த மூன்று சிறுமிகளின் கலவை. வருங்காலக் கணவர் அல்மான்சோவுக்கும் லாராவுக்கும் இடையே உண்மையில் பத்து வயது வித்தியாசம். நாவலில் அது குறைக்கப்பட்டிருக்கிறது. 'த லாங் வின்டர்' இதைவிட நல்ல உதாரணம். 1880-81 குளிர்காலத்தில், டகோட்டா பிரதேசத்தின் டி ஸ்மெட் ஊருக்கு மாதக்கணக்கில் ரயில் வராமல், வைக்கோலை முறுக்கி அடுப்பெரித்து, காப்பிக்கொட்டை அரைக்கும் கையியந்திரத்தில் கோதுமையை அரைத்து அந்தக் குடும்பம் உயிர்பிழைத்தது. இவ்வளவும் நடந்தவை. ஆனால் அந்த வீட்டில் ஓர் இளம் தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முந்துவதும் வேலைக்குப் பிந்துவதுமாக அந்தக் கணவன் இருந்ததை நினைவுக் குறிப்பு கசப்போடு பதிவுசெய்கிறது. நாவலில் மூவரும் இல்லை. அவர்களை வைத்திருந்தால் பனிப்புயலோடு ஒரு குடும்பம் நடத்திய போராட்டம், ஒண்டவந்தவர்களைப் பற்றிய புலம்பலாகச் சுருங்கியிருக்கும். இந்த வெட்டில் எனக்குக் குறையே இல்லை.

துக்கத்தை மறைத்த இடத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. லாராவுக்கு ஃப்ரெடி என்று ஒரு தம்பி இருந்தான். 1875இல் பிறந்து, ஒன்பது மாதத்தில் இறந்துபோனான். நாவல்களில் அவன் பிறக்கவே இல்லை. அக்கா மேரியின் பார்வை போனதை எழுதத் துணிந்தவர், இதை எழுதவில்லை. பார்வை இழந்தவள் கதையில் தொடர்ந்து வாழலாம், லாரா அவளுக்குக் கண்ணாக இருந்து உலகத்தைச் சொற்களால் காட்டலாம். இறந்த குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக் கதை எங்கே போக முடியும் என்று அவர் தயங்கியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பர் ஓக் விஷயத்தில்தான் என் மனம் ஒப்பவில்லை. அயோவா மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் 1876-77இல் இங்கல்ஸ் குடும்பம் ஒரு விடுதியை நடத்த உதவியது. பக்கத்திலேயே சாராயக்கடை, விடுதியின் கதவில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை. கடைசியில் வாடகை பாக்கியோடு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல், இரவோடு இரவாக அப்பா குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார். நாவல் வரிசையில் அந்த ஊரே கிடையாது. அங்கே பிறந்த கடைசித் தங்கை கிரேஸ், 'சில்வர் லேக்'கின் தொடக்கத்தில் முன்னறிவிப்பின்றி வீட்டில் இருக்கிறாள். கூர்ந்து படிக்கும் குழந்தை நிச்சயம் கேட்கும், இவள் எப்போது வந்தாள் என்று.

சாராயக்கடை குழந்தைகளுக்கு ஆகாது என்று சொல்லலாம். ஆனால் அதை விலக்கிவிட்டு அந்த இரவுப் பயணத்தை எழுதியிருக்க முடியும். ஒரு குழந்தையின் கண்ணில் அதைவிடப் பெரிய சாகசம் ஏது? அது விடுபட்டது வாசிக்கும் குழந்தைக்காக அல்ல, அப்பாவுக்காக என்பதே என் எண்ணம். நாவல்களின் அப்பா பிடில் வாசிப்பவர், எதற்கும் அஞ்சாதவர், யாருக்கும் தீங்கு செய்யாதவர். அவர் கடன்பட்டால் அறுவடையை நம்பித்தான் படுவார், அந்த அறுவடையையும் வெட்டுக்கிளிகள் தின்றுவிடும். பழி எப்போதும் வானத்தின் மேலோ அரசாங்கத்தின் மேலோ விழும். 1937இல் டெட்ராய்ட் புத்தகக் கண்காட்சியில் பேசியபோது லாரா, தான் சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் அது முழு உண்மை அன்று என்றார். நேர்மையான வாக்கியம்தான். ஆயினும் முழுமையிலிருந்து கழித்தது யாருடைய நன்மைக்காக என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

இதே கழித்தல் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி'யில் ஒரு குடும்பத்தின் மானத்தையும் தாண்டிப் போகிறது. கான்சஸில் அப்பா வீடு கட்டிய நிலம் ஓசேஜ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்குரியது. அங்கே குடியேற அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. ஓசேஜ் மக்களை அங்கிருந்து அகற்றுவதற்கான சட்டம் 1870இல் வந்தது. நாவலிலோ, வாஷிங்டன் அரசியல்வாதிகள் படையை அனுப்பிக் குடியேறியவர்களைத் துரத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா தானாகவே நிலத்தைக் கைவிடுகிறார். உண்மையில் குடும்பம் திரும்பியதற்குக் காரணம், விஸ்கான்சினில் அவர்களுடைய பழைய நிலத்தை வாங்கியவரால் பணம் கட்ட முடியாமல் போனதுதான். முதல் பதிப்பில் அந்தப் புல்வெளியை விவரிக்கும்போது அங்கே மனிதர்கள் இல்லை, இந்தியர்கள் (அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகள்) மட்டுமே வாழ்ந்தார்கள் என்று இருந்தது. ஒரு வாசகர் 1952இல் பதிப்பகத்துக்கு எழுதிச் சுட்டிக்காட்டிய பின், லாரா தன் பிழையை ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' ஆனது. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு, லாராவின் பெயரில் வழங்கிவந்த விருதின் பெயரையே மாற்றியது. அந்த முடிவோடு எனக்கு முரண்பாடு இல்லை. என் மகளுக்கு இந்த நூல்களை வாசித்துக் காட்டுவதையும் நான் நிறுத்தப்போவதில்லை.

ஏனென்றால் அதே நூலில் ஓர் இரவுக் காட்சி இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வந்தால் இந்தியர்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்று அப்பா விளக்கிக்கொண்டிருக்கிறார். இது இந்தியர்களின் நிலம் என்றல்லவா நினைத்தேன், போகச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராதா என்று லாரா கேட்கத் தொடங்குகிறாள். அவள் முடிப்பதற்குள் அப்பா, இனிக் கேள்வி கேட்காதே, தூங்கு என்று அதட்டிவிடுகிறார். அப்பாவின் மேல் சிறு கறையும் படாமல் இத்தனை இடங்களில் கத்தரித்தவர், இதைக் கத்தரிக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் மகள் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "அவங்க அப்பா ஏன்மா பதில் சொல்லல?" என்றாள். மணி பத்தைத் தாண்டியிருந்தது. 'தூங்கு' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, விளக்கை அணைக்காமல் மறுபடி உட்கார்ந்தேன்.