அண்ணே, அது உங்க வீட்டுச் சொத்து இல்லை

2025 ஜூலை நாலு, அமெரிக்க சுதந்திர தின பார்பிக்யூவில் மைக் பிடித்த அந்த அண்ணன் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே கைதட்டல் எமோஜியாகக் குவிவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்களைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இனி இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று அந்த வருஷம் ஜனவரி 20 அன்று ஜனாதிபதி டிரம்ப் போட்ட ஆணையைப் பற்றித்தான் பேச்சு.

"வேலை விசாவுல வந்தவன் பெத்த பிள்ளை எப்படி அமெரிக்கன் ஆகும்? அதான் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சே."

சொல்லவில்லை அண்ணே. ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்று வந்த தீர்ப்பு வேறு விஷயம். ஒரு கீழ்க்கோர்ட் நீதிபதி, ஜனாதிபதியின் ஆணைக்கு நாடு முழுக்கத் தடை போடலாமா என்பதுதான் அங்கே கேள்வி. ஜனவரி 20 ஆணை அரசமைப்புச் சட்டத்துக்கு ஒத்துவருமா என்பதை அவர்கள் தொடவே இல்லை. தொடவில்லை என்று, தீர்ப்பை எழுதிய நீதிபதி பேரட் அதிலேயே சொல்லியிருக்கிறார். நீங்கள் தலைப்பைப் படித்துவிட்டு மைக் வாங்கியிருக்கிறீர்கள்.

பிறப்பால் வரும் குடியுரிமை குழந்தையின் உரிமை. அப்பா அம்மாவுக்குக் கொடுத்த போனஸ் இல்லை. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் இதே சுப்ரீம் கோர்ட், கறுப்பினத்தவர் அடிமையாக இருந்தாலும் சுதந்திரமாக இருந்தாலும் குடிமக்கள் ஆகவே முடியாது என்றது. அதன்பிறகு ஒரு உள்நாட்டுப் போர். லட்சக்கணக்கில் சாவு. அப்புறம்தான் 1868இல் 14ஆவது திருத்தம்: இந்த மண்ணில் பிறந்து, இந்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள். யாருக்குப் பிறந்தாய் என்ற கேள்வியே வரக்கூடாது என்றுதான் அப்படி எழுதினார்கள். அந்தக் கேள்வியைத்தான் அண்ணன் ஒரு கையில் பர்கரை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அதிகாரத்துக்கு உட்பட்ட என்று இருக்கிறதே, நீங்கள் தற்காலிக விசா ஆள்தானே?" என்று இன்பாக்ஸில் ஒருவர் கேட்டார். என் சம்பளத்தில் வரி பிடிக்கிறது எந்த நாடு? டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் போலீஸ் என்னை விட்டுவிடுமா? இது 1898லேயே முடிந்த கதை. வாங் கிம் ஆர்க், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர். சீனா போய்விட்டுத் திரும்பியவரை, நீ குடிமகன் இல்லை என்று சொல்லி 1895இல் கப்பலை விட்டே இறங்கவிடவில்லை. அன்றைய சட்டப்படி அவருடைய பெற்றோர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது. பிள்ளை குடிமகன்தான் என்று ஆறுக்கு இரண்டு தீர்ப்பு வந்தது. வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை, படையெடுத்து வந்த எதிரியின் பிள்ளை, பழங்குடி அரசுகளைச் சேர்ந்தவர்கள் என்று விதிவிலக்குகளை, தீர்ப்பை எழுதிய நீதிபதி கிரே எண்ணிச் சொன்னார். அதில் சாஃப்ட்வேர் எஞ்சினியர் இல்லை.

"வாங் கிம் ஆர்க்கின் பெற்றோர் இங்கேயே குடியிருந்தவர்கள், உங்களைப் போல விசாவில் வந்தவர்கள் இல்லை" என்பீர்கள். தெரியும், ஆணையை ஆதரிப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். 1898இல், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் க்ரீன் கார்டு என்று ஒன்று இருந்ததா? அந்தப் பெற்றோரே 1890இல் சீனாவுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், க்ரீன் கார்டு க்யூவில்.

பிரசவத்துக்கென்றே டூரிஸ்ட் விசாவில் வருகிறார்களாம். வரட்டும், விசா கொடுக்கும்போது பிடியுங்கள். பல நாடுகளில் இந்த உரிமை இல்லையாம். உண்மைதான், இந்தியாவிலேயே 1987 முதல் இல்லை. ஆனால் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு மாற்றினார்கள். இங்கே அரசமைப்பை மாற்ற வேண்டுமானால் காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, அப்புறம் 38 மாநிலங்களின் ஒப்புதல். ஜனாதிபதியின் ஒரு பேனா போதாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கசக்கும். 1923இல், இங்கே குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை வாங்கத் தகுதியில்லை என்று ஏகமனதாகத் தீர்ப்பு. ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்தும் பிடுங்கினார்கள். அப்படிப் பறிகொடுத்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த நாட்களிலும் இங்கே பிறந்த நம் பிள்ளைகள் குடிமக்களாகவே இருந்தார்கள், வாங் என்ற சீனச் சமையல்காரர் புண்ணியத்தில். இந்தியர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது 1946இல், வருஷத்துக்கு 100 பேர். அகலமாகத் திறந்தது 1965இல். அண்ணன் அதற்குப் பிறகு வந்தவர். டவுன் பஸ்ஸில் முண்டியடித்துக் கடைசியாக ஏறியவர்தான் முதலில் "ரைட், போலாம்" என்று கத்துவார்.

"உன் பிள்ளை முன்னாடியே பிறந்தாச்சு, உனக்கென்ன?" ஆமாம். என் மகள் பிறந்தபோது நாங்கள் இருவருமே வேலை விசாவில்தான் இருந்தோம். இன்று பள்ளியில் நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி சொல்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்கு மேஜையில் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தீர்களா? நிறைமாதம். அண்ணனுக்கும் அவள்தான் தட்டு கொடுத்தாள். பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, அப்போ பாப்பாவுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கா?" என்று கேட்டாள். நான் வாங் கிம் ஆர்க் கதையெல்லாம் சொன்னேன். அவள் தலையாட்டினாள், பயம் போகவில்லை. அவளுக்குக் கைதட்டல் கேட்டிருந்தது.

கைதட்டியவர்களில் பாதிப்பேர் எங்களைப் போல விசாவில் இருப்பவர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடை கட்ட நாங்கள், நாற்காலி மடக்க நாங்கள், வடை பொரிக்க நாங்கள். மைக் மட்டும் எப்போதும் சிட்டிசன்களுக்கு. சங்கத் தலைவர் பக்கத்திலேயே நின்றார், சிரித்துக்கொண்டு. "அரசியல் வேண்டாமே" என்று எனக்குத்தான் மெசேஜ் வந்தது, அண்ணனுக்கு இல்லை.

ஆடிப்பெருக்குக்குப் புளியோதரை யார் கிளறுவது என்று லிஸ்ட் சுற்றுகிறது. என் பெயரை அடித்துவிட்டேன். சிட்டிசன்கள் கிளறட்டும்.