முழக்கணக்கில் ஒரு பஸ் ஸ்டாப்

(ஆற்காடு சாலை. வடபழனிக்கும் பவர் ஹவுசுக்கும் நடுவே ஒரு ஸ்டாப். மாலை ஆறரை மணி. நிழற்குடை ஓர் இடத்தில், பெயர்ப் பலகை ஓர் இடத்தில், பஸ் நிற்பது ஓர் இடத்தில், ஜனம் நிற்பது நடுரோட்டில். நிழற்குடைத் தூணை ஒட்டி ஒரு பூக்கூடை, கூடைக்குப் பின்னால் பூக்காரம்மா. பக்கத்தில் ரிட்டையரான கண்டக்டர். பென்ஷன் வர ஆரம்பித்த நாளிலிருந்து ஊர் ரோட்டையெல்லாம் திருத்துவதுதான் இவர் உத்தியோகம். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை.)

கண்டக்டர்: ஏம்மா, இந்த ஸ்டாப்பை இங்கிருந்து தூக்கிவிட்டால் பாதி நெரிசல் தீர்ந்துவிடும்.

பூக்காரம்மா: என்னைத் தூக்கவேண்டும் என்று நேராகவே சொல்லுங்களேன்.

கண்டக்டர்: உங்களை இல்லை, ஸ்டாப்பை. சிக்னலுக்கு முன்னால் இருக்கிறதே, அதைத் தாண்டி அந்தப் பக்கம் வைக்கவேண்டும். இங்கே பாருங்கள், படமே போட்டிருக்கிறேன்.

பூக்காரம்மா: (வாங்கிப் பார்த்து) மாப்பிள்ளை எம்.காம். படித்திருக்கிறாரா? நல்ல இடம்தான்.

கண்டக்டர்: பின்பக்கம் பாருங்கம்மா! பஸ் இங்கே நிற்கிறது. ஆளை ஏற்றி விசில் கொடுக்கிறேன். நகர்வதற்குள் சிவப்பு விழுந்துவிடுகிறது. உடனே பத்துப் பேர் ஓடிவந்து படியைத் தட்டுவார்கள். ஏற்றிக்கொண்டு நின்றால் பச்சை போய்விடும், பின்னால் இருக்கிறவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டான். ஏற்றாவிட்டால் இவர்கள் என் குடும்பத்தையே இழுப்பார்கள். சிக்னலுக்கு அந்தப் பக்கம் ஸ்டாப் இருந்தால் பச்சையில் தாண்டிப் போய் நிம்மதியாக நிற்கலாம். இடது பக்கம் திரும்புகிற ஆட்டோவுக்கும் வழி கிடைக்கும். இறங்குகிறவர்களும் பஸ்ஸின் முதுகுப் பக்கமாக ரோட்டைக் கடப்பார்கள். இப்போது டிரைவர் மூக்குக்குக் கீழே புகுந்து ஓடுகிறார்கள்.

பூக்காரம்மா: அந்தப் பக்கம் என்ன கடை இருக்கிறது?

கண்டக்டர்: ஒரு பேங்க். ஒரு மருந்துக்கடை.

பூக்காரம்மா: இருமல் மருந்து வாங்கப் போகிறவன் மல்லிகைப்பூ வாங்குவானா? கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்குவது இங்கே.

கண்டக்டர்: நான் ஊருக்காகப் பேசுகிறேன், நீங்கள் கூடைக்காகப் பேசுகிறீர்கள்.

பூக்காரம்மா: சரி, ஊருக்காகவே கேட்கிறேன். இங்கே என்றைக்காவது ஒரு பஸ் தனியாக வந்திருக்கிறதா? வந்தால் மூன்றாகத்தான் வருகிறது. முதல் பஸ் உங்கள் புது ஸ்டாப்பில் நிற்கும். மூன்றாவது பஸ்ஸின் வால் எங்கே நிற்கும்? சிக்னலுக்கு நடுவில். நாலு பக்கமும் அடைத்துக்கொள்ளும்.

(கண்டக்டர் படத்தை ஒரு தடவை பார்க்கிறார், சாலையை ஒரு தடவை பார்க்கிறார். இப்படி ஒரு கேள்வியைப் பூ தொடுத்துக்கொண்டே கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?)

கண்டக்டர்: அதற்கேற்ற மாதிரி ஸ்டாப்பை நீளமாக வைக்கவேண்டும். ஒரு பஸ் 12 மீட்டர். மூன்று பஸ், நடுவில் கொஞ்சம் இடைவெளி, ஏறக்குறைய 40 மீட்டர்.

பூக்காரம்மா: எனக்கு முழத்தில் சொல்லுங்கள்.

கண்டக்டர்: முழம் ஒன்றரை அடி என்றால் ஒரு பஸ் 26 முழம். உங்கள் முழம் என்றால் 40 முழம்.

பூக்காரம்மா: என் முழத்தைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். கோயம்பேட்டிலிருந்து ஒரு கூடை மல்லியோடு ஏறினதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தவர்தானே நீங்கள்? பூ என்ன கனம் கனக்கும்?

கண்டக்டர்: பூ கனக்கவில்லை. கூடைதான் மூன்று பேர் இடத்தை அடைத்தது.

பூக்காரம்மா: மூன்று பேருக்கும் வாசனை சும்மாதானே வந்தது!

கண்டக்டர்: (அவசரமாகப் போனை எடுத்து) அதை விடுங்கள், இதைப் பாருங்கள். பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே தெரிகிறது. இதோ மூன்று புள்ளி. மூன்றும் நம் பஸ், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகிறது.

பூக்காரம்மா: கிளம்பும்போதே பேசிவைத்துக்கொண்டு கிளம்புவார்களோ?

கண்டக்டர்: பாவம், டிரைவர் மேல் தப்பே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகத்தான் விடுகிறார்கள். முதல் வண்டி எங்கேயோ ஐந்து நிமிஷம் மாட்டிக்கொள்ளும். அந்த ஐந்து நிமிஷத்தில் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரையும் ஏற்ற இன்னும் நேரமாகும். அதற்கடுத்த ஸ்டாப்பில் அதைவிடக் கூட்டம். பின்னால் வருகிறவனுக்கு ஏற்ற ஆளே மிஞ்சாது. காற்று வாங்கிக்கொண்டே வந்து முன்னவன் முதுகில் ஒட்டிக்கொள்வான்.

பூக்காரம்மா: இவ்வளவுதானா? (கையிலிருந்த சரத்தைத் தூக்கிக் காட்டி) முடிச்சு இறுகாவிட்டால் பூவெல்லாம் சரிந்து ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். அங்கே பந்து மாதிரி பூ, இங்கே வெறும் நார்.

கண்டக்டர்: அதேதான்! நாம் இப்போது நிற்பது வெறும் நாரில்.

பூக்காரம்மா: நடுவில் ஒரு முடிச்சுப் போடவேண்டியதுதானே?

கண்டக்டர்: போடலாம். வழியில் ஓர் இடத்தில் டைம் கீப்பர் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்டு வருகிற வண்டியை மூன்று நான்கு நிமிஷம் பிடித்துவைத்து விடவேண்டும். அப்போது இடைவெளி சீராகும். ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் சும்மா இருப்பானா? ‘டீ குடிக்கப் போய்விட்டார்கள்’ என்பான். என் சர்வீசில் நான் குடிக்காத டீக்கு வாங்கிய பேச்சுதான் அதிகம்.

பூக்காரம்மா: ஸ்டாப்பையாவது குறையுங்களேன். பஸ் பத்தடி போவதற்குள் நிற்கிறது.

கண்டக்டர்: அப்படிக் கேளுங்கள்! 400 மீட்டருக்கு ஒன்று இருந்தால் போதும். ஓரம் கட்டி, இறக்கி, ஏற்றிக் கிளம்ப அரை நிமிஷம். பத்து ஸ்டாப்பைக் குறைத்தால் ஐந்து நிமிஷம் மிச்சம்.

பூக்காரம்மா: யார் வீட்டு வாசல் ஸ்டாப்பை எடுப்பீர்கள்?

கண்டக்டர்: அதுதான் சிக்கல். லிபர்ட்டி தியேட்டரை இடித்து எத்தனை வருஷம் ஆகிறது? இன்னமும் ‘லிபர்ட்டி ஒண்ணு’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். தியேட்டரை எடுத்துவிடலாம், ஸ்டாப்பை எடுக்க முடியாது.

(ஒரு ஆட்டோ வந்து, பஸ்ஸுக்காக நடைபாதையைக் குடைந்து ஒதுக்கிய இடத்தில் நிற்கிறது. அங்கே ஏற்கெனவே இரண்டு ஆட்டோவும் ஒரு பானிபூரி வண்டியும் இருக்கின்றன.)

பூக்காரம்மா: பாருங்கள், பஸ்ஸுக்கு விட்ட இடத்தில் பானிபூரி.

கண்டக்டர்: குடைந்ததே தப்பு. பஸ் உள்ளே போனால் திரும்ப வெளியே வர எவன் வழி விடுகிறான்? அதனால் டிரைவர் உள்ளேயே போவதில்லை, ரோட்டிலேயே நிறுத்திவிடுகிறார். பஸ்ஸை ஓரத்துக்குக் கூப்பிடாமல், ஓரத்தை பஸ்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஸ்டாப் இருக்கிற இடத்தில் மட்டும் நடைபாதையை முன்னால் இழுத்துவிட்டால் பஸ் நேராக வரும், நிற்கும், நேராகப் போகும்.

பூக்காரம்மா: நடைபாதை அகலமாகுமா?

கண்டக்டர்: தாராளமாக.

பூக்காரம்மா: கூடை வைக்கிற அளவுக்கு?

கண்டக்டர்: ...ஆகும்.

பூக்காரம்மா: இப்போதுதான் நீங்கள் ஊருக்காகப் பேசுகிறீர்கள்.

கண்டக்டர்: அந்தத் தாழ்தள பஸ்ஸுக்கும் அதுதான் சரி. உள்தளம் ரோட்டிலிருந்து 40 சென்டிமீட்டர்தான். 15 சென்டிமீட்டர் நடைபாதையை ஒட்டி நின்றால், ஏற மிச்சம் 25. நடுரோட்டில் நிறுத்தினால் முழு 40-ம் ஏறவேண்டும். ஒரு பட்டனை அமுக்கினால் பஸ்ஸே இடது பக்கமாகக் கொஞ்சம் மண்டிபோடும், தெரியுமா?

பூக்காரம்மா: கோயில் யானை மாதிரியா?

கண்டக்டர்: தும்பிக்கை ஒன்றுதான் பாக்கி. ஆனால் யாருக்காக மண்டிபோடும்? ஜனம் எல்லாம் ரோட்டில் நிற்கிறதே! நிழற்குடையில் நின்றால்தானே பஸ் ஓரமாக வரும்?

பூக்காரம்மா: அங்கே நின்றால் பஸ் வருவது தெரியவேண்டாமா? பஸ் வருகிற பக்கத்தில்தானே அந்த நகைக்கடைப் போர்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். உட்காரலாம் என்றால் இரண்டு இரும்புக் குழாய். மத்தியானத்தில் அதன்மேல் தோசை வார்க்கலாம். சாயங்காலம் உட்கார்ந்தால் வழுக்கி இறக்கிவிடும்.

கண்டக்டர்: நாலு பேர் ஒழுங்காக நின்றால் எல்லாம் சரியாகும். நான் நின்று காட்டுகிறேன்.

(நிழற்குடைக்குள் போய் விறைப்பாக நிற்கிறார். மூன்று பஸ்ஸும் வருகின்றன. முதல் பஸ் படியில் தொங்கும் கூட்டத்தோடு முப்பதடி தள்ளி நிற்கிறது. ஜனம் ஓடுகிறது.)

பூக்காரம்மா: ஓடுங்க சார்!

கண்டக்டர்: அவசரமே இல்லை. பின்னால் இரண்டு இருக்கிறது. சொன்னேனே!

(இரண்டாவது பஸ், மிச்சமிருந்தவர்களை அள்ளிக்கொண்டு கிளம்புகிறது.)

பூக்காரம்மா: இதிலாவது...

கண்டக்டர்: மூன்றாவது காலியாக வரும். ஜன்னலோரமே கிடைக்கும், பாருங்கள்.

(மூன்றாவது பஸ் காலியாகத்தான் வருகிறது. ஜன்னலோரம் எல்லாம் காலி. ரோட்டில் ஒருவரும் இல்லாததைப் பார்த்த டிரைவர், வேகத்தைக் குறைக்காமல் பச்சையில் தாண்டிப் போகிறார்.)

கண்டக்டர்: ஏய், நிறுத்து! ஹோல்டான்! நான் நிற்பது தெரியவில்லையா?

பூக்காரம்மா: அங்கே நின்றால் எப்படித் தெரியும்? டிரைவர் கண்ணுக்கு நகைக்கடைப் பொண்ணுதான் தெரிந்திருப்பாள். அவள் கை காட்டவில்லை.

கண்டக்டர்: (போனைத் தடவி) கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு புள்ளிகூட இல்லையே.

பூக்காரம்மா: வெறும் நார். சரி, எப்படியும் வீட்டுக்கு லேட்டாகத்தான் போகப்போகிறீர்கள். அம்மாவுக்கு இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கண்டக்டர்: எந்த முழம்? என்னுடையதா, உங்களுடையதா?

பூக்காரம்மா: (முழங்கையை மடக்கி அளந்தபடி) என் முழம்தான். லக்கேஜையும் சேர்த்து நூறு ரூபாய் எடுங்கள்.